1944 பீனோ என்று சொல்லி விற்கிறார்கள், தேதியைப் பார்த்து வாங்குங்கள்

பழைய பிரிட்டிஷ் சிரிப்பு காமிக்ஸ் தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். நான் ஏமாந்துவிட்டேன்.

பீனோ, டாண்டி என்ற இரண்டு சிறுவர் காமிக்ஸின் இரண்டாம் உலகப் போர்க்கால இதழ்கள் என்றால் எனக்கு உயிர். வாளி கவிழும், ஏணி சரியும், துரத்தி வந்தவரே குழிக்குள் விழுவார். ஊர் குண்டுவீச்சுக்குப் பயந்து கிடந்த நாட்களில் குழந்தைகளைச் சிரிக்க வைத்த பக்கங்கள் அவை. "1944 பீனோ, தொடர்ச்சியாக எட்டு இதழ்கள், அசல்" என்று ஒருவர் ஆன்லைனில் போட்டிருந்தார். தளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் போட்டால் விலை குறைப்பதாகச் சொன்னார். போட்டேன். பிறகு புகார் கொடுத்தபோது, எங்கள் வழியாக நடக்காத விற்பனைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று தளத்தினர் கைவிரித்துவிட்டார்கள்.

பார்சலைப் பிரித்ததுமே டீ வாசனை. தாள் முழுக்க ஒரே சீரான பழுப்பு. உண்மையான பழைய நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் காகிதம், ஓரத்திலிருந்துதான் உள்நோக்கிப் பழுக்கும். நடுப்பக்கத்தில் தாள்களைக் கோத்த ஸ்டேப்ளர் பின் புத்தம் புதிதாகப் பளபளத்தது. அத்தனை பழைய ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, தாளிலும் கறை இறங்கியிருக்க வேண்டாமா? லென்ஸ் வைத்துப் பார்த்தால் கறுப்புக் கோடுகளின் ஓரமெல்லாம் நீலமும் சிவப்புமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். வீட்டு பிரிண்டரில் எடுத்த நகல்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். கதையை நாசமாக்கியதுதான் ஆறவில்லை. சின்னத் தாளுக்குள் அடக்குவதற்காகப் பக்கத்தின் அடியை வெட்டியிருக்கிறார்கள். ஒரு கதையில் பையன் கதவுக்கு மேலே பெயிண்ட் டப்பாவைக் கட்டித் தொங்கவிடுகிறான். மாமா வருகிறார், திரும்பிப் போகிறார், மறுபடி வருகிறார். கடைசி வரிசையில் தலைகளின் உச்சி மட்டும் தெரிகிறது. பெயிண்ட் யார் தலையில் கொட்டியது? பக்கத்தில் உட்கார்ந்து படித்த என் மகள் "அப்புறம் என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. இந்த மாதிரிக் கதைக்கு உயிரே கடைசிக் கட்டம்தான். மேலே உள்ள அத்தனை கட்டங்களும் அதற்காகத்தான் காத்திருக்கின்றன.

பெரிய தடயம் அட்டையிலேயே இருந்திருக்கிறது. எட்டு இதழ்களிலும் அடுத்தடுத்த வாரத் தேதிகள். காகிதத் தட்டுப்பாட்டால் 1941 முதல் 1949 வரை பீனோ ஒரு வாரம், டாண்டி மறு வாரம் என்று மாறி மாறித்தான் வந்தன. 1944இல் வாராவாரம் பீனோ கிடையாது. போதாததற்கு, ஓர் இதழுக்குள் டென்னிஸ் த மெனஸ் என்ற குறும்புப் பையன் நிற்கிறான். அவன் பீனோவுக்கு வந்ததே 1951 மார்ச்சில்தான். பிற்கால இதழ்களை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

விற்றவரிடம் கேட்டேன். "பழசு என்றால் அப்படித்தான் இருக்கும்" என்றார். இரண்டாவது முறை கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்.

மறுபதிப்பு விற்பது தப்பே இல்லை, மறுபதிப்பு என்று சொல்லி விற்றால். அசல் என்று சொல்பவரிடம் நடுப்பக்க ஸ்டேப்ளர் பின், கடைசிப் பக்கத்தின் அடி ஓரம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கையில் வந்த பிறகு இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். இன்றைய வெள்ளைத்தாள் பெரும்பாலும் நீலமாக ஒளிரும், போர்க்காலத்து நியூஸ்பிரிண்ட் ஒளிராது. அடுத்தடுத்த வாரத் தேதியோடு எட்டு 1944 பீனோக்களை யாராவது உங்களிடம் காட்டினால், தயவுசெய்து தளத்துக்கு வெளியே ஒரு காசுகூட அனுப்பாதீர்கள்.