ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம் என்று காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள்: வேலூர், குடியாத்தம் பெற்றோர் கவனத்துக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு குடியாத்தம், பேர்ணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கம் நோட்டீஸ்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். "கல்லூரிப் படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் உதவித்தொகை, 100 சதவீதம் உத்தரவாதம்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே ஏதோ ஓர் அறக்கட்டளையின் பெயர், இரண்டு செல் நம்பர், வேலூரில் ஒரு மாடி அலுவலகத்தின் முகவரி. அப்படி ஓர் இடத்தில்தான் போன வருடம் என் அக்கா குடும்பம் ஏமாந்தது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. அடுத்த முறை அவர்கள் வேறு பெயரில் வரலாம் என்பதால், எப்படிப் பேசினார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

அக்கா பீடி சுற்றுகிறார். அவர் வீட்டுக்காரர் தறியில் லுங்கி நெய்தவர், இப்போது உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருக்கிறார். பெண் அரசுப் பெண்கள் பள்ளியில் படித்து நல்ல மார்க் வாங்கி, வேலூரில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.சி.ஏ. சேர்ந்தாள். முதல் தவணை ஃபீஸுக்கே கம்மல் அடகுக் கடைக்குப் போய்விட்டது. அந்த நேரத்தில் கையில் கிடைத்த நோட்டீஸ் அது.

அலுவலகத்தில் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்கள். உட்கார வைத்து, மார்க் ஷீட்டைப் பார்த்து, "இந்த மார்க்குக்குக் கண்டிப்பா கிடைக்கும்மா" என்று சொல்லி, முதலில் ரெஜிஸ்ட்ரேஷன் என்று 500 ரூபாய் மட்டும் வாங்கினார்கள். அடுத்து ஃபைல் சார்ஜ் 3,500. சில வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வந்தது. மேலே சிங்கமுகச் சின்னம், கீழே ரப்பர் ஸ்டாம்பு, நடுவில் "தங்கள் மகளுக்கு ரூ.50,000 அனுமதிக்கப்பட்டுள்ளது". அதைப் பார்த்து அக்கா வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைத்தார்களாம். மறுநாளே போன் வந்தது: பணத்தை ரிலீஸ் பண்ண டாக்ஸ் 6,000 ரூபாய் கட்ட வேண்டும்.

அப்போது அக்கா ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "சார், அந்த அம்பதாயிரத்துலயே ஆறாயிரத்தைப் புடிச்சிக்கினு மீதியைக் குடுங்களேன்." இதைவிட நியாயமான கேள்வி கிடையாது. எதிரில் இருந்தவர், "சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்லைம்மா, இன்னிக்கே கட்டலைன்னா வேற பொண்ணுக்குப் போயிடும்" என்று அவசரப்படுத்தினார். குழுவில் கடன் வாங்கிக் கட்டினார்கள். ஆக மொத்தம் 10,000 ரூபாய், எல்லாமே ஒரு தனிநபரின் ஜிபே நம்பருக்கு. ரசீது கேட்டதற்குக் கொடுத்த தாளில் "விருப்ப நன்கொடை" என்று அச்சடித்திருந்தது. பின்னால் யாராவது திருப்பிக் கேட்டால், நீங்களாகக் கொடுத்த நன்கொடைதானே என்று சொல்வதற்கான ஏற்பாடு அது. ரசீதில் என்ன தலைப்பு போட்டிருக்கிறது என்று தயவுசெய்து பாருங்கள்.

அத்தோடு விடவில்லை. பெண்ணைத் தனியாக அழைத்து, புது சிம் வாங்கி அந்த நம்பரில் ஒரு பேங்க் கணக்கு தொடங்கச் சொன்னார்கள். ஏடிஎம் கார்டும் சிம்மும் அலுவலகத்திலேயே இருக்க வேண்டுமாம். அவள், "என் கணக்கு கார்டை நான் ஏன் சார் உங்ககிட்ட குடுக்கணும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அவள் செய்ததுதான் சரி. இப்படிக் கொடுக்கும் கணக்கில்தான் சைபர் மோசடிப் பணத்தை வரவு வைத்து எடுக்கிறார்கள். போலீஸ் தேடி வரும்போது கணக்கில் இருப்பது படிக்கிற பிள்ளையின் பெயர். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளிடம் இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

ஆனால் என்னால் ஆறவே முடியாத விஷயம் அந்தப் பத்தாயிரம் இல்லை. "எங்ககிட்ட போட்டிருக்கும்போது வேற எதுக்கும் போடாதீங்க, ரெண்டு இடத்துல போட்டா ரெண்டும் கேன்சல்" என்று அவர்கள் சொன்னது. இதில் பாதி உண்மை கலந்திருக்கிறது, அதனால்தான் எடுபட்டது. மத்திய அரசின் சில உதவித்தொகைகளை வாங்கும்போது இன்னொன்றை வாங்க முடியாது என்பது நிஜம். அதற்காக எதற்குமே விண்ணப்பிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அக்கா அதை நம்பி, கல்லூரியில் கிளாஸ் டீச்சர் கேட்டபோதுகூட "வேற இடத்துல போட்டிருக்கோம்" என்று சொல்லச் சொல்லிவிட்டார். தேதிகள் ஒவ்வொன்றாகப் போயின.

அவளுக்கு என்னென்ன இருந்தது பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும்வரை. 2022 செப்டம்பரிலிருந்து நடக்கிறது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதைச் சேர்த்து வாங்கலாம். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவி தனியாக உண்டு, படிப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 1,000 முதல் 25,000 வரை. குடியாத்தத்திலும் பேர்ணாம்பட்டிலும் எத்தனை வீட்டில் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை பெட்டிக்குள் சும்மா கிடக்கிறது! இது தவிர, பன்னிரண்டாம் வகுப்பில் தன் வாரியத்தில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசு பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 தருகிறது. அவள் மார்க்குக்கு இது கிடைத்திருக்கலாம். முதல் வருடம் போடாமல் விட்டால் இரண்டாம் வருடத்தில் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. அந்த வாய்ப்பை அவர்கள் மொத்தமாக அழித்துவிட்டார்கள்.

இதில் எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. மத்திய அரசுத் திட்டங்கள் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இருக்கின்றன, கடைசித் தேதியும் அங்கேயே போட்டிருக்கும். மாநில அரசின் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைகளும் புதுமைப் பெண்ணும் கல்லூரி வழியாகத்தான் போகின்றன. கல்லூரியில் யுஎம்ஐஎஸ் (கல்லூரி மாணவர் விவரங்களை ஏற்றும் மாநில அரசு இணையதளம்) பதிவைப் பார்க்கும் ஆசிரியர் ஒருவர் இருப்பார், முதலில் அவரைக் கண்டுபிடியுங்கள். சந்தேகம் இருந்தால் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் அந்தந்த நலத்துறை அலுவலகத்தில் கேட்கலாம். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். பணம் மாணவரின் ஆதார் இணைந்த கணக்குக்கு நேராக வரும், இடையில் ஒருவர் நின்று "ரிலீஸ்" பண்ண வேண்டிய வேலையே இல்லை.

ஆதார் ஜெராக்ஸ் காப்பிதானே கொடுத்தோம் என்று அக்கா வீட்டுக்காரர் சொன்னார். 2023இல் சிறுபான்மையினர் உதவித்தொகையை மத்திய அமைச்சகம் ஆராய்ந்தபோது, பார்த்த 1,572 நிறுவனங்களில் 830 போலி என்று தெரிந்தது. போலிப் பயனாளிகள் பெயரில் போன பணம் 144 கோடிக்கு மேல், வழக்கு சிபிஐக்குப் போனது. அடுத்தவர் ஆவணத்தை வைத்து என்ன செய்ய முடியும் என்பதற்கு அது போதும். கொடுத்துவிட்டவர்கள் ஆதார் பயோமெட்ரிக்கை (கைரேகை, கண் பதிவு) லாக் பண்ணுங்கள். ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்தில் பாருங்கள்.

விஷயம் தெரிந்து நான் ராணிப்பேட்டையிலிருந்து போனபோது அலுவலகம் பூட்டியிருந்தது, போர்டையும் கழற்றிவிட்டார்கள். கீழே கடைக்காரர், தினமும் யாராவது அம்மாக்கள் வந்து பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னார். 1930க்குப் போன் செய்து சைபர் கிரைமில் பதிவு செய்தோம். பணம் அனுப்பிய சில மணி நேரத்துக்குள் அந்த நம்பருக்குச் சொன்னால் எதிர்க் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். எங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. புதுமைப் பெண்ணுக்குக் கல்லூரியிலேயே பதிவு செய்து, தாமதமாகவாவது மாதம் 1,000 வர ஆரம்பித்திருக்கிறது. பீடி அட்டையை வைத்து இந்த வருடம் விண்ணப்பிக்கிறோம்.

அதே மாதிரி "விருப்ப நன்கொடை" ரசீது உங்கள் வீட்டில் இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். வாட்ஸ்அப் கடிதத்தையும் ஜிபே விவரத்தையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் அனுப்புங்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்வுக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து மனு கொடுக்கலாம் என்றிருக்கிறோம்.