பி.டி.எஸ்.டி. கோச்: அப்பாவின் போனில் நான்கு மாதம்

அப்பா ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1987 அக்டோபரில் அமைதிப்படையோடு யாழ்ப்பாணத்தில் இருந்தபோது அவருக்கு 23 வயது. கல்யாண மண்டபத்துக்குப் போனால் சுவரை ஒட்டி, வாசல் தெரிகிற நாற்காலிதான் அவருக்கு வேண்டும். தூங்கும்போது தொட்டு எழுப்பக் கூடாது. கதவருகே நின்று குரல் கொடுக்க வேண்டும். அதெல்லாம் பட்டாளத்துக்காரர் சுபாவம் என்று நினைத்தே வளர்ந்தேன். எங்கள் வேலூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்தில் இருந்தவர்கள், அதனால் வித்தியாசமாகவும் தெரியவில்லை.

போன வருஷம்தான் ஒரு மனநல மருத்துவர் இதற்குப் பெயர் சொன்னார்: பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பு. மாத்திரை எழுதிக் கொடுத்தார், பேச நேரம் இல்லை. அடுத்த முறை வரச் சொன்னது ஆறு வாரம் கழித்து. அந்த இடைவெளியில் நானாகத் தேடி அப்பாவின் போனில் இறக்கியதுதான் 'பி.டி.எஸ்.டி. கோச்' என்ற இந்தச் செயலி.

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் பி.டி.எஸ்.டி. தேசிய மையம் 2011ல் வெளியிட்டது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கு என்றும் கேட்காது. "ரிப்போர்ட் யாருக்கும் போகாதே?" என்று அப்பா இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

தமிழ் இல்லை. அதனால் அறிகுறிகளை அளக்க அதில் வரும் 20 கேள்விகளையும் நான்தான் படித்துச் சொன்னேன். போன ஒரு மாதத்தில் இது உங்களை எவ்வளவு படுத்தியது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை சொல்ல வேண்டும். எப்போதும் உஷாராகவே இருக்கிறீர்களா என்ற கேள்விக்கு, "அதுக்குத்தானேம்மா சம்பளம் குடுத்தாங்க" என்று சிரித்தார். வேண்டாமென்றாலும் பழைய ஞாபகம் வருகிறதா என்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அங்க அழுதவங்களும் தமிழ்லதானே அழுதாங்க" என்றார். 37 வருஷத்துக்கு மேல் எங்களிடம் சொல்லாத வாக்கியம். "நாலு போடு" என்றார். போட்டேன். (இந்த மதிப்பெண்ணை வைத்து நோய் இருக்கிறது, இல்லை என்று நாமே முடிவு கட்டக் கூடாது. மருத்துவரிடம் காட்ட உதவும்.)

ஆனால் அப்பாவுக்குப் பிடித்தது வேறு. மனசு சரியில்லாத நேரத்தில் திறந்தால், இப்போது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று 0 முதல் 10 வரை ஓர் அளவு கேட்கிறது. ஒரு பயிற்சி கொடுத்துவிட்டு மறுபடி கேட்கிறது. 'பயமாக இருக்கிறது' என்று அவர் வாயில் வராது. 'ஏழு' என்று வரும். இப்போது அம்மாகூட சமையலறையிலிருந்தே, "என்னங்க, எத்தனை?" என்கிறாள்.

பயிற்சிகளில் தசைகளை இறுக்கித் தளர்த்துவது உடனே பிடித்துவிட்டது. "இது நம்ம சாவ்தான், விஷ்ராம்தானே!" என்றார். (பட்டாளத்தில் விறைப்பாக நிற்கவும் தளர்ந்து நிற்கவும் கொடுக்கும் இந்தி ஆணைகள்.) மூச்சுப் பயிற்சியில் வரும் ஆங்கிலக் குரல் அவருக்கு ஒத்துவரவில்லை, சத்தத்தைக் குறைத்துவிட்டு நானே பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறேன். இயற்கை ஒலிகள் பகுதியில் நான் ஒரு தப்பு செய்தேன். யோசிக்காமல் காட்டுச் சத்தத்தைப் போட்டுவிட்டேன். எழுந்து வெளியே போய்விட்டார். உங்கள் வீட்டில் யாருக்காவது போடுவதாக இருந்தால் முதலில் நீங்கள் கேட்டுப் பாருங்கள். நமக்கு இதமான சத்தம் அவர்களுக்கு என்னவாக இருக்கும் என்று தெரியாது. மனதுக்கு இதமான படங்களாக நம் போனில் இருப்பதையே சேர்த்துக்கொள்ளலாம். பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு மாட்டைச் சேர்த்திருக்கிறார். என் மகளுக்குக் கோபம்.

அவசர உதவிக்கு அதில் இருப்பவை அமெரிக்க எண்கள், நமக்கு ஆகாது. நம் நாட்டுக்கு அரசின் மனநல உதவி எண், டெலி மனஸ் 14416 இருக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். அதை போனில் சேமித்து, காலண்டர் அட்டையிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். தமிழில் வந்தால் ஐந்து. மருத்துவருக்கு இது மாற்று இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளியன்று தெருவில் சரம் வெடித்தபோது உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வழக்கமாக மறுநாள் காலைதான் வெளியே வருவார். இந்த முறை அரை மணி நேரத்தில் கதவு திறந்தது. போனை நீட்டினார். எட்டு, அப்புறம் ஐந்து. "அஞ்சு போதும். டீ இருக்கா?"