அறுபது பக்க அறிக்கையும் ஐந்து மாதம் பின்னுக்குப் போன கணக்கு சர்வரும்

ஒரே சர்வரில் பல கணினிகளை ஓட்டும் வி.எம்.வேர் மென்பொருளை விட்டு வேறொன்றுக்கு மாறும் வேலையை வெளியாரிடம் ஒப்படைக்கப் போகிறீர்களா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எங்களுக்கு நேர்ந்ததைப் படித்துவிடுங்கள். அந்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. கட்டணத் தகராறு இன்னும் தீரவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் ஆளை அடையாளம் காணலாம். "ஒரு நிமிடம்கூடச் சேவை நிற்காது" என்று முதல் சந்திப்பிலேயே சொல்வார்கள்.

பின்னணி பலருக்கும் தெரிந்ததுதான். 2023 நவம்பரில் பிராட்காம் என்ற சிப், மென்பொருள் நிறுவனம் வி.எம்.வேர் நிறுவனத்தை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டு, இனிச் சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. எங்கள் பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் நேரம் வந்தபோது, அதே வேலையைச் செய்யும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளுக்கு மாறிவிடலாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. மூன்று சர்வர்கள், அவற்றின் மேல் மென்பொருளாலேயே உருவான நாற்பத்தொரு மெய்நிகர் கணினிகள். பார்த்துக்கொள்ள நானும் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமே ஆன ஒரு பையனும். அதனால்தான் வெளியாரைத் தேடினோம்.

வந்தவர்கள் வேலையை மூன்றாகப் பிரித்தார்கள்: முன்னாய்வு, ஒத்திகை, இடமாற்றம். கட்டணத்தில் பெரும்பங்கு முன்னாய்வுக்கு. அவர்கள் சொன்ன காரணம் எனக்கும் சரியாகவே பட்டது. "மாற்றுவது ஒரு ராத்திரி வேலை, தயாரிப்புதான் முக்கியம்" என்றார்கள். இரண்டு வாரம் கழித்து அறுபது பக்க அறிக்கை வந்தது. வண்ண அட்டை, பொருளடக்கம், எங்கள் நிறுவனத்தின் முத்திரை எல்லாம் இருந்தன. உள்ளே இருந்தது ஆர்.வி.டூல்ஸ் என்ற இலவசக் கருவி பத்து நிமிடத்தில் துப்பிய எக்செல் தாள்கள், அச்சுக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டியவை. எந்தக் கணினியில் எத்தனை சி.பி.யூ., எவ்வளவு நினைவகம், எந்த டிஸ்க் எங்கே என்ற பட்டியல். அதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. நானும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒப்புதல் அனுப்பினேன். என் முதல் தவறு அது.

ஒத்திகைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது அச்சுப்பொறிகளுக்கான ஒரு சின்ன லினக்ஸ் கணினி. அது இருபது நிமிடத்தில் புது இடத்தில் எழுந்து நின்றது. மேலாளரை அழைத்துக் காட்டினார்கள், கைதட்டல் வாங்கினார்கள். விண்டோஸ் கணினி ஒன்றையும் முயன்று பார்க்கலாமே என்று கேட்டேன். "எல்லாம் ஒன்றுதான் சார்" என்றார் அவர்களுடைய பொறியாளர்.

எல்லாம் ஒன்றல்ல என்பது சனிக்கிழமை இரவு தெரிந்தது. முதல் விண்டோஸ் சர்வர் நீலத்திரையில் நின்றது. துவக்க டிஸ்க்கை அணுக முடியவில்லை என்ற பிழை. பழைய இடத்தில் டிஸ்க் வேறு வகைக் கட்டுப்படுத்தியில் (டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் பகுதி) இருந்தது. புது இடத்தில் அதை விர்ட்ஐஓ என்ற, மெய்நிகர் கணினிகளுக்கான வேகமான கட்டுப்படுத்தியில் மாட்டிவிட்டார்கள். அதற்கான டிரைவர் விண்டோஸுக்குள் இல்லை. அந்த டிரைவரை மாற்றத்துக்கு முன்பே நிறுவிவிட்டு, வி.எம்.வேரின் துணை மென்பொருளான வி.எம்.வேர் டூல்ஸையும் பழைய இடத்திலேயே நீக்கிவிட வேண்டும். இதற்குத்தானே முன்னாய்வு? பொறியாளர் எல்லா டிஸ்க்குகளையும் ஐ.டி.ஈ. என்ற பழைய வகை இணைப்புக்கு மாற்றிவிட்டு "ஓடுகிறதே" என்றார். ஓடியது, மாட்டுவண்டி வேகத்தில். அதிகாலை இரண்டு மணிக்கு நானே தேடிக் கண்டுபிடித்த வழி இது: ஐ.டி.ஈ.யிலேயே துவக்கி டிரைவரை நிறுவி, ஒரு ஜி.பி. அளவில் வெற்று விர்ட்ஐஓ டிஸ்க் ஒன்றைக் கூடுதலாக மாட்டி ஒருமுறை துவக்க வேண்டும். விண்டோஸ் அந்த டிரைவரைப் பழகிக்கொள்ளும். பிறகு அசல் டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றினால் சரியாகத் துவங்கிவிடும்.

லினக்ஸ் கணினிகளும் சும்மா விடவில்லை. நெட்வொர்க் அட்டையின் பெயர் ஈ.என்.எஸ். 192 என்பதிலிருந்து ஈ.என்.எஸ். 18 ஆக மாறியிருந்தது. நிலையான ஐ.பி. முகவரி பழைய பெயரோடு கட்டப்பட்டிருந்ததால், கணினி துவங்கியும் ஒன்றுக்கும் இணைப்பு இல்லை. இதெல்லாம் தொல்லைதான், ஆனால் கண்ணுக்குத் தெரிந்த தொல்லை. நீலத்திரை குறைந்தபட்சம் பொய் சொல்வதில்லை.

கணக்கு சர்வர்தான் பொய் சொன்னது. அது எந்தப் பிழையும் காட்டாமல் துவங்கியது. திங்கட்கிழமை காலை எல்லோரும் உள்ளே நுழைந்து வேலையைத் தொடங்கினார்கள். பதினொரு மணிக்குக் கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மா என் மேசைக்கு வந்தார். "தம்பி, வெள்ளிக்கிழமை நான் கடைசியாகப் போட்ட பில் எண் 4812. இப்போது புதிதாகப் போட்டால் 3971 என்று வருகிறது. சரிதானா?"

அந்த நொடி வயிற்றில் விழுந்த கனம் இன்னும் நினைவிருக்கிறது. பார்த்தால், சர்வரில் இருந்தது ஐந்து மாதத்துக்கு முந்தைய தரவு.

நடந்தது இதுதான். ஐந்து மாதம் முன்பு ஒரு அப்டேட்டுக்கு முன்னால் நான் அந்தக் கணினிக்கு, தேவைப்பட்டால் அதே நிலைக்குத் திரும்ப உதவும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தேன். பிறகு அழிக்க மறந்துவிட்டேன். ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்திலிருந்து மூல டிஸ்க் கோப்பு அப்படியே உறைந்துவிடும். அதற்குப் பின் எழுதப்படுவது எல்லாம் 000001 என்ற எண்ணைப் பெயரில் தாங்கிய தனிக் கோப்புக்குப் போகும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இன்றைய நிலை. பிராக்ஸ்மாக்ஸில் 8.2 பதிப்பிலிருந்து ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. (வி.எம்.வேரின் சர்வர் மென்பொருள்) கணினிகளை நேரடியாக இறக்குமதி செய்யும் வசதி இருக்கிறது. அது மெதுவாக இருக்கிறது என்று இவர்கள் சொந்த ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்து மூல டிஸ்க் கோப்புகளை மட்டும் நகலெடுத்திருக்கிறார்கள். ஐந்து மாத உழைப்பு அந்த இரண்டாவது கோப்பில் பழைய சர்வரிலேயே கிடந்தது.

சரி, எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய சர்வரைத் தேடினால் அது இல்லை. ஞாயிறு மாலையே அதன் டிஸ்க்குகளை அழித்து, புது சர்வர் தொகுப்பின் மூன்றாவது உறுப்பாகச் சேர்த்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. "திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று அறிக்கையின் 52ஆம் பக்கத்தைக் காட்டினார்கள். இருந்தது. எத்தனை நாள் கழித்து அழிப்பது என்பது மட்டும் எழுதப்படவில்லை.

எங்களைக் காப்பாற்றியது வெள்ளிக்கிழமை இரவின் பேக்கப். அது தனிப் பெட்டியில், அவர்கள் கைபடாத இடத்தில் இருந்தது. அதிலிருந்து மீட்டு எழுப்பச் செவ்வாய்க்கிழமை மதியம் ஆகிவிட்டது. சனிக்கிழமைப் பதிவுகளையும், திங்கள் காலை தவறான எண்களில் போட்ட பில்களையும் காகிதப் பிரதிகளை வைத்து அந்த அம்மாவும் இன்னொருவரும் மீண்டும் தட்டச்சு செய்தார்கள். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் வலி.

நிறுவனத்தின் பதில் இரண்டு வரியில் வந்தது: ஸ்னாப்ஷாட்டை நீக்காமல் வைத்திருந்தது வாடிக்கையாளரின் கவனக்குறைவு. பாதி உண்மை, மறுக்கவில்லை. அன்றிரவு அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 38ஆம் பக்கத்தில் ஸ்னாப்ஷாட் தாள் இருக்கிறது. அதில் ஒரே ஒரு வரி: கணக்கு சர்வரின் பெயர், ஸ்னாப்ஷாட் எடுத்த தேதி, அளவு. காசு வாங்கிக்கொண்டு அச்சடித்தவர்களும் படிக்கவில்லை, காசு கொடுத்த நானும் படிக்கவில்லை.

இப்போது யாராவது இந்த வேலைக்கு ஆள் கேட்டால், அவர்களுடைய முன்னாய்வு அறிக்கை மாதிரியை முதலில் வாங்கிப் பாருங்கள் என்கிறேன். ஒவ்வொரு கணினிக்கும் துவக்கும் முறை பயாஸா யு.இ.எஃப்.ஐ.யா, ஸ்னாப்ஷாட் இருக்கிறதா, டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி யாரிடம், டிரைவர் நிறுவியாயிற்றா என்று எழுதியிருக்க வேண்டும், வெறும் சி.பி.யூ. கணக்கு போதாது. ஒத்திகைக்கான கணினியை அவர்கள் அல்ல, நீங்கள் தேர்ந்தெடுங்கள், இருப்பதிலேயே சிக்கலானதாக. பழைய டிஸ்க்கைத் தொட உங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். புது இடத்தில் கணினி எழுந்ததும் உள்நுழைவுத் திரையைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். நேற்றுக் கடைசியாகப் பதிந்த பில் எண் என்ன என்று அதைப் பயன்படுத்துகிறவரிடம் கேளுங்கள்.

போன வாரம் அவர்களிடமிருந்து பணி நிறைவுச் சான்று வந்தது, கையெழுத்துக்காக. நான்காவது வரியில் "தரவு இழப்பு: இல்லை" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதை 38ஆம் பக்கத்தின் நகலோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். மீதிக் கட்டணம் எங்களிடமே இருக்கிறது.