விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ: ஸ்னாப்ஷாட் உள்ள வட்டில் கைவைத்தவனின் மதிப்புரை

சிங்கப்பூர் டன்லப் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையின் பழைய பில் போடும் மென்பொருள் விண்டோஸ் 7-இல் மட்டுமே ஓடும். ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடைகள் கணக்கு ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உள்நாட்டு வருவாய் ஆணையம் விதித்திருப்பதால், புதிய மென்பொருள் வந்த பிறகும் பழையதைத் தூக்கி எறிய வழியில்லை. ஆகவே அந்தக் கணினியை முழுவதுமாக, ஒரு கணினிக்குள் இன்னொன்றை மென்பொருளாகவே ஓட்டும் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவுக்குள் ஒரு மெய்நிகர் கணினியாக மாற்றி, இணைய இணைப்பைத் துண்டித்து வைத்தேன். 2024 நவம்பரிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கும் இது இலவசம் என்பதால் கடைக்காரருக்குச் செலவில்லை. விஎம்வேரின் உரிமையாளரான பிராட்காமின் தளத்தில் கணக்குத் தொடங்கித்தான் பதிவிறக்க வேண்டும் என்பது மட்டுமே சிரமம். பொதுவான வசதிகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வட்டின் அமைப்பை மாற்றும்போது ஸ்னாப்ஷாட்டுகள் (பிறகு திரும்பிச் செல்வதற்காகச் சேமித்து வைக்கும் மெய்நிகர் கணினியின் அந்தக் கண நிலைகள்) எப்படி நடந்துகொள்கின்றன என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்திலிருந்து மூல வட்டுக் கோப்பில் எதுவும் எழுதப்படுவதில்லை. அதன் பிறகு நடக்கும் மாற்றங்கள் யாவும் 000001 போன்ற எண் தாங்கிய புதிய விஎம்டிகே கோப்பில் (மெய்நிகர் வட்டைத் தாங்கும் கோப்பு வகை) சேர்கின்றன, அடுத்த ஸ்னாப்ஷாட் எடுத்தால் அதற்கு மேல் இன்னொரு கோப்பு வருகிறது. இந்தச் சங்கிலி இருக்கும்வரை வட்டின் அளவைப் பெருக்கும் வசதியை மென்பொருள் முடக்கி வைக்கிறது. 40 ஜிபி வட்டு நிரம்பியபோது அந்த முடக்கம் எனக்கு எரிச்சலூட்டியது. இப்போது யோசித்தால், இந்த மென்பொருள் எனக்குச் செய்த பெரிய உபகாரம் அதுதான். அந்தக் கதவு மூடியிருந்ததால் நான் பக்கவழியில் புகுந்தேன். புதிய விண்டோஸ் மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி, பழைய வட்டை அதில் இரண்டாம் வட்டாக இணைத்து, கணக்குக் கோப்புகளை நகலெடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான் இணைத்ததோ எண் தாங்கிய கடைசிக் கோப்பை அல்ல, மூல விஎம்டிகேயை. திறந்து பார்த்தபோது பல மாதங்களுக்கு முந்தைய பில்கள் மட்டுமே தெரிந்தன. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எந்தக் கோப்பையும் நான் தொடவில்லை என்றாலும், வட்டை அடையாளம் கண்டதுமே விண்டோஸ் அதில் தன் பங்குக்குச் சிலவற்றை எழுதிவிடும். அவ்வளவே போதுமானதாக இருந்தது. மறுநாள் பழைய கணினியை இயக்கியபோது, மகவு வட்டு உருவான பிறகு தாய் வட்டு மாற்றப்பட்டுள்ளது என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வந்து நின்றது (சங்கிலியில் கீழே இருப்பது தாய், அதன் மேல் வரும் எண் தாங்கிய கோப்பு மகவு). "தம்பி, கணக்கெல்லாம் போயிருச்சா?" என்று கடைக்காரர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

செய்தி சுருக்கமானது, ஆனால் உண்மையானது. ஒவ்வொரு விஎம்டிகேயின் விவரப் பகுதியிலும் சிஐடி என்ற எட்டு இலக்கப் பதினாறடிமான எண் ஒன்று இருக்கிறது (நம் ஊர்த் துப்பறிவாளருக்கும் இதற்கும் தொடர்பில்லை, உள்ளடக்க அடையாளம் என்பதன் சுருக்கம் இது). வட்டில் எழுதப்பட்டால் அந்த எண் மாறும். மகவுக் கோப்பு தன் எண்ணோடு தாயின் எண்ணையும் குறித்து வைத்திருக்கும். இயக்கும்போது இரண்டும் பொருந்தாவிட்டால் மென்பொருள் மறுத்துவிடும். பிள்ளைக்குத் தாயைத் தெரியும், தாய்க்குப் பிள்ளையைத் தெரியாது. மூல வட்டை வேறொரு கணினியில் இணைக்கும்போது, அதன் மேல் ஒரு சங்கிலி நிற்கிறது என்று அந்தக் கோப்பிலிருந்து அறிய வழியே இல்லை.

முதலில் சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிய எஸ்எஸ்டியில் கோப்புறை முழுவதையும் நகலெடுத்து, நகலில் மட்டுமே வேலை செய்தேன். கோப்புறையில் உள்ள விஎம்வேர் பதிவுக் கோப்பின் கடைசி வரிகளில் எந்த இரண்டு எண்கள் மோதுகின்றன என்பது தெளிவாக இருந்தது. பாராட்டத்தக்க வெளிப்படைத்தன்மை அது. வட்டு உருவாக்கும்போது இயல்பாகத் தேர்வாகியிருக்கும், பல கோப்புகளாகப் பிரிக்கும் அமைப்பை நான் மாற்றாமல் விட்டிருந்ததால், விவரப் பகுதி தனியான சிறிய உரைக் கோப்பாக இருந்தது. முதல் மகவுக் கோப்பை நோட்பேடில் திறந்து, தாயின் எண் இருக்கும் வரியில் இப்போதைய எண்ணை இட்டுச் சேமித்தேன். ஒரே கோப்பாக அமைத்திருந்தால் பல ஜிபி அளவுள்ள பைனரிக் கோப்புக்குள்ளிருந்து அந்த வரியைத் தேடி எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

கணினி எழுந்தது. ஆனால் எண்ணைத் திருத்துவதால் வட்டு குணமடைந்துவிடுவதில்லை: மூல வட்டில் இடையில் எழுதப்பட்டவை அங்கேயே இருக்க, மேலே உள்ள கோப்புகள் பழைய நிலையை நம்பிக்கொண்டிருக்கின்றன, ஆதலால் கோப்பு முறைமை குழம்பியிருக்க வாய்ப்புண்டு. சில நொடிகளே இணைத்திருந்ததால் தப்பினேன். வட்டுப் பிழைகளைச் சோதிக்கும் செக்டிஸ்க் ஓட்டி, கடைசி மூன்று மாத பில்களை அச்சுப் பிரதியோடு ஒப்பிட்ட பிறகே நிம்மதி வந்தது. மூல வட்டில் புதிதாக எதையாவது நிறுவியிருந்தாலோ, டிஃப்ராக் செய்து கோப்புகளை வட்டில் இடம் மாற்றி அடுக்கியிருந்தாலோ இந்த வைத்தியம் பலித்திருக்காது.

பிறகு தற்போதைய நிலையிலிருந்து முழு குளோன், அதாவது தனித்து இயங்கும் முழு நகல், எடுத்தேன். சங்கிலி முழுவதும் இணைந்து ஒரே வட்டாக வந்தது, அளவைப் பெருக்கும் பொத்தானும் திறந்துகொண்டது, 60 ஜிபிக்கு உயர்த்திவிட்டேன். வட்டு அமைப்பை மாற்ற வேண்டியவர்கள் இந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்; நான் சுற்றிய சுற்று தேவையில்லை. இணைப்புக் குளோன் எடுக்காதீர்கள், அது தாய் வட்டை நம்பியே இருக்கும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது பிழைச்செய்திக்காக: பதிவுக் கோப்பில் இருக்கும் அந்த இரண்டு எண்களையும் கோப்புப் பெயரையும் திரையிலேயே காட்டியிருந்தால், கடைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.