அடைப்புக்குள் என்ன இருக்கிறது? ஐவஸ், ஓசிடி, லேசர் ஒளிர்வு

சேலத்தில் ஆஞ்சியோ எடுத்தாலும் பெங்களூரில் எடுத்தாலும், தர்மபுரிக்குத் திரும்பியதும் சொந்தபந்தம் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை பர்சன்ட் அடைப்பாம்?" இதயத் தமனியில் ரத்தம் ஓடும் வழி எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை ஆஞ்சியோ காட்டும். சுவரில் படிந்திருப்பது கொழுப்பா, நாரா, சுண்ணாம்பா என்பதை அது சரியாகச் சொல்லாது. பாதிகூட அடைக்காத படிவு வெடித்து மாரடைப்பு வந்தவர்கள் ஏராளம். உள்ளே கொழுப்புக் கூழ், அதன் மேல் பாலேடு போல ஒரு நார்மூடி. அந்த மூடி 65 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே மெலிந்திருந்தால் ஆபத்து அதிகம்.

தமனிக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு மீயொலியால் பார்க்கும் ஐவஸ், சுவரின் முழுத் தடிமனையும் காட்டும். ஸ்டென்டுக்கு அளவெடுக்க அருமையான கருவி. ஆனால் அதன் துல்லியம் 100 மைக்ரானைச் சுற்றித்தான், மெல்லிய மூடி அதற்குப் பிடிபடாது. அதே போல உள்ளே போய், ஒலிக்குப் பதில் ஒளியால் பார்க்கும் ஓசிடி 10 முதல் 20 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும், மூடியை அளந்தே சொல்லிவிடும். ஆழம் மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ரத்தத்தை விலக்க சாய மருந்தும் செலுத்த வேண்டும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அதைக் கொஞ்சம் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

லேசர் ஒளிர்வு வேறு வழியில் போகிறது. 337 நானோமீட்டர் புற ஊதாத் துடிப்பு பட்டதும் திசு தானாகவே ஒளிரும். தமனிச் சுவரின் நார்ப் புரதங்களான எலாஸ்டின், கொலாஜன், அதோடு கொழுப்பு, ஒவ்வொன்றும் ஒளிரும் நிறம் வேறு, ஒளி அடங்கும் நேரமும் வேறு. கொலாஜனின் ஒளி எலாஸ்டினுடையதை விடச் சில நானோவினாடிகள் கூடுதலாக நிற்கும். அந்த வித்தியாசத்தை வைத்தே பொருள் எது என்று கண்டுபிடிக்கிறார்கள். ஓசிடி வடிவத்தைக் காட்டுகிறது, இது வேதிப்பொருளையே சொல்கிறது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு.

ஆனால் தனியாக இது போதாது. சுமார் கால் மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பது இதற்குத் தெரியாது, ரத்தமும் குறுக்கே நிற்கும். அதனால்தான் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் லாரா மார்குவின் குழு இதையும் ஐவஸையும் ஒரே கதீட்டரில் சேர்த்து, பன்றிகளின் இதயத் தமனிகளில் சோதித்தது. ஆழத்துக்கு ஒலி, மேற்பரப்புக்கு ஒளி. சரியான கூட்டணி என்பேன்.

கொழுப்பை மட்டும் தேடும் அகச்சிவப்புக் கதீட்டர் ஏற்கெனவே ஐவஸோடு சேர்ந்தே விற்பனைக்கு வந்திருக்கிறது. நார்மூடியின் தடிமனை அது சொல்லாது.

லேசர் ஒளிர்வு இன்னும் ஆய்வு நிலையில்தான். இன்றைக்கு நம் ஊர்க்காரர் ஒருவருக்குத் தேர்வு ஐவஸா ஓசிடியா என்பதுதான். சிறுநீரகம் பலவீனம் என்றாலோ, இடது பிரதானத் தமனியின் வாயிலேயே அடைப்பு என்றாலோ ஐவஸ். மற்றபடி மூடியின் நிலை தெரிய வேண்டுமென்றால் ஓசிடி பற்றி டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.