மாமி ஏறினால் உரசும்: இறக்கின ஹொண்டா ஃபிட்டும் மூன்று டயர் அளவுகளும்

போன கிழமை கல்முனையிலிருந்து சின்னம்மாவின் மகன் கோல் எடுத்தான். "அண்ணா, நானும் ஃபிட் ஒண்டு எடுத்திட்டன். காரை நிலத்தோடு இறக்கிறதுக்குக் கட்டை ஸ்பிரிங்கும் வாங்கியாச்சு. 195 டயர் போடவா, 205 போடவா?"

இரண்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். சொல்லத் தொடங்கினேன். இருபது நிமிடத்தில் அவன் பக்கத்திலிருந்து "ம்" மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. போனில் இது சரிவராது, எழுதித் தருகிறேன் என்று வைத்துவிட்டேன்.

என்னுடையது 2004 ஜீடி1, முதல் தலைமுறை ஃபிட். 2018 இல் எடுத்தேன், அடுத்த வருசமே இறக்கினேன். சீவீடி என்கிற ஓட்டோ கியர் புறப்படும்போது நடுங்குவது, பின்சீட்டை மடித்தால் அரைவீடு ஏறுவது, பெற்றோல் குடிக்காதது எல்லாம் இந்தக் கார் வைத்திருக்கிற எவருக்கும் தெரிந்த கதை. எனக்குச் சொல்ல இருப்பது ஒரு சத்தத்தைப் பற்றி மட்டும். பின்பக்கம், இடது சில்லு. மதகு ஒன்றில் ஏறி இறங்கும்போது "சர்ர்க்" என்று ஒரு தடவை. ஆறு வருசமாக அந்தச் சத்தத்தோடு குடும்பம் நடத்துகிறேன்.

கம்பனியிலிருந்து வந்தது 175/65ஆர்14. அதாவது டயர் அகலம் 175 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 வீதம், ரிம் 14 அங்குலம். ரிம்மின் பின்பக்கம் ஐந்தரை ஜே, அதாவது ஐந்தரை அங்குல அகலம், அதோடு 45 என்று அடித்திருந்தது. அந்த 45 தான் ஒஃப்செட், நட்டுப் பூட்டுகிற முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் வெளிப்பக்கம் என்ற கணக்கு. அது குறையக் குறையச் சில்லு வெளியே வரும். அதன் அருமை அப்போது தெரியாது. கொழும்புக்குப் போன இடத்தில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் ஒரு சோடி, நாலு அலோய் வீலைக் கண்டு விழுந்துவிட்டேன். 15 அங்குலம், 7 ஜே, ஒஃப்செட் 35. நாலு நட்டு, நட்டு வட்டத்தின் விட்டம் (பீசீடி) 100, "பொருந்தும் மாத்தயா" என்றான் கடைப் பொடியன். பொருந்தியது உண்மை. நட்டுப் பூட்டுவது வேறு, மட்காட்டுக்குள் அடங்குவது வேறு என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தம்பி, இந்தக் கணக்கை மட்டும் ஒருக்கால் பொறுமையாகப் பார். ஐந்தரை ஜேயிலிருந்து ஏழு ஜே என்றால் ரிம் ஒன்றரை அங்குலம் அகலம், அதில் பாதி வெளிப்பக்கம், 19 மில்லிமீற்றர். ஒஃப்செட் 45 இலிருந்து 35 க்கு இறங்கினால் முழுச் சில்லும் இன்னொரு 10 வெளியே. ஆக ரிம்மின் விளிம்பு 29 மில்லிமீற்றர் வெளியே வந்துவிட்டது. டயரை 175 இலிருந்து 195 ஆக்கினால் பெயருக்கு ஒரு பக்கம் 10 தான் கூடும். எல்லாரும் அந்தப் பத்தைப் பற்றியே சண்டை பிடிக்கிறார்கள், இருபத்தொன்பதை யாரும் பார்ப்பதில்லை.

அதற்கு மேல் நான் போட்டது 195/55ஆர்15. ஏன் 55 என்று கேட்டால், டயர்க் கடையில் அது இருந்தது. 195 இல் 55 வீதம் 107.25 மில்லிமீற்றர் சுவர், மேலும் கீழும் 214.5, ரிம் 381, மொத்த உயரம் 595.5. பழைய டயர் 583. சில்லின் நடுவிலிருந்து மேல் விளிம்பு 6 மில்லிமீற்றர் உயர்ந்தது. காரையோ 35 மில்லிமீற்றர் இறக்கியாச்சு. கூட்டிப் பார்த்தால் வீட்டு முற்றத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். முற்றத்தில் நின்றபோது கார் அவ்வளவு வடிவாக நின்றது, கூட்டல் எல்லாம் மறந்துபோச்சு.

முதல் ஓட்டம் மட்டக்களப்புக் கல்லடிப் பாலம், காத்தான்குடி பேரீச்ச மரங்கள், ஆரையம்பதி என்று களுவாஞ்சிக்குடி வரை. தனியாகப் போனேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வந்து மச்சானுக்கு வீராப்பாகச் சொன்னேன்: "பார்த்தியா, ஒண்டும் முட்டல்ல." அடுத்த நாள் மாமியையும் இரண்டு மச்சாள்மாரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் புறப்பட்டேன். மண்முனைப் பாலம் வருவதற்குள் ஏழெட்டுத் தடவை. மாமி ஒவ்வொரு தடவையும் "என்னகா இது" என்றா. நான் ரோட்டைக் குறை சொன்னேன்.

வந்து சில்லைக் கழற்றி மட்காட்டின் உள்விளிம்பில் விரலை வைத்து ஓட்டினேன். பெருவிரல் அகலத்துக்கு ஒரு பட்டை, பெயின்ற் போய் வெள்ளித் தகடு மினுங்கியது. அதன் ஓரத்தில் பிள்ளைகள் அழிறப்பரால் தேய்த்தால் வருமே, அந்த மாதிரிச் சுருள் சுருளாகக் கறுப்புத் தூள். டயரின் தோளில், சுவரும் ரோட்டில் படுகிற பரப்பும் சேருகிற மூலையில், ஒரே வட்டமாக ஒரு கீறல். நகம் உள்ளே போகும் ஆழம்.

ஏன் எப்போதும் இடது பக்கம் என்று பிறகு விளங்கியது. நம்முடைய ரோட்டெல்லாம் நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிவு, குழியும் ஓரத்தில்தான், நாம் ஓடுவதும் அந்த ஓரத்தில். அதோடு இந்தக் காரின் பின் அக்சில் ஒரே உத்தரம் போல இரண்டு சில்லையும் கட்டி வைத்திருக்கிறது. அது சரியாக நடுவில் உட்காருவதும் இல்லை. என்னுடையதில் இடது பக்கம் நாலு மில்லிமீற்றர் கூட வெளியே நிற்கிறது. தூக்குநூல் கட்டி அளந்தேன். கெம்பரும், அதாவது சில்லின் சாய்வும், அங்கே திருப்ப முடியாது, நட்டே இல்லை.

இரண்டாவது முயற்சி 195/50ஆர்15. உயரம் 576. மேலே கொஞ்சம் இடம் கிடைத்தது, ஆனால் ரிம் அதே ரிம், வெளியே நிற்பது அதே 29. உரசல் பாதியாகக் குறைந்தது, அதற்குப் பதில் கார் இன்னும் ஒரு சென்ரிமீற்றர் நிலத்தோடு சேர்ந்தது. இப்போது சைலன்சர் வேகத்தடையில் தட்டியது. முன்னுக்கு ஒரு சத்தம், பின்னுக்கு ஒரு சத்தம். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் முன் சில்லு உள்ளே இருக்கிற பிளாஸ்ரிக் கவசத்தைத் தொட்டது, அதை ஒரு கிளிப் மாற்றி இழுத்துக் கட்டிச் சரி செய்துவிட்டேன், அது பெரிய விசயமில்லை.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு பிழை விட்டேன். இன்னும் வயிறு எரிகிற பிழை. மட்காட் உதட்டை உள்ளே மடிக்கக் கொடுத்தேன். ஹீட் கன்னால் பெயின்ற்றைச் சூடாக்கி, ரோலரால் கொஞ்சம் கொஞ்சமாக மடிக்க வேண்டிய வேலை. நான் கொடுத்த இடத்தில் ஒரு இரும்புக் குழாயை டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் கொடுத்து, காரை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளினார்கள். அரை மணித்தியாலத்தில் முடிந்தது. எனக்குச் சந்தோசம். ஆறு மாதம் கழித்து அந்த மடிப்பில் பெயின்ற் மயிர்க்கோடாக வெடித்து, கோட்டுக்குள் செம்பழுப்பு. நான் இருப்பது கல்லடியில். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. உப்புக்காத்துக்கு ஒரு மயிர்க்கோடு போதும். மார்கழி மழை முடிந்து பார்த்தால் கொப்புளம். பின் மட்காட்டில் இரண்டு தகடு ஒட்டியிருக்கிறது, நடுவில் தண்ணீர் போனால் வெளியிலிருந்து தெரியாது, தெரியும்போது ஓட்டை. தகடு வேலை செய்கிற டிங்கர் பாஸ் வெட்டி ஒட்டினார், பெயின்ற் அடித்தார், நிறம் இன்னும் சேரவில்லை. பகல் பன்னிரண்டு மணி வெயிலில் பார்த்தால் என் கார் இரண்டு காரை ஒட்டினது மாதிரி இருக்கும்.

அப்போதே விற்றிருக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், பழைய கார் எல்லாம் தங்கமாயிற்று, இதை விற்றால் வேறு எடுக்க முடியாது என்ற நிலை. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தார்கள், வரியோடு சேர்த்து விலையைக் கேட்டுவிட்டு வந்து என் காரைக் கழுவினேன்.

மூன்றாவது, இப்போது ஓடுவது: 185/55ஆர்15, ரிம் ஆறரை ஜே, ஒஃப்செட் 40. உயரம் 584.5, பழைய டயரோடு ஒன்றரை மில்லிமீற்றர் கூட வித்தியாசமில்லை, ஸ்பீடோ மீற்றர் ஏமாற்றாது. பாரச் சுட்டெண்ணும் அதே 82, ஒரு டயருக்கு 475 கிலோ. ஏழு ஜே ரிம்மிலேயே 185 ஐ இழுத்துப் போடலாம் என்று சொல்ல ஆட்கள் இருப்பார்கள். இந்த அளவுக்கு ஆறரை ஜேதான் எல்லை. அதற்கு மேல் இழுத்தால் டயரின் விளிம்பு ரிம்மில் சரியாக உட்காராது, குழியில் அடித்தால் காத்துப் போகும். படத்துக்கு நல்லா இருக்கும், புணானைக் காட்டுக்குள் இரவில் நின்று சில்லு மாற்றுவதற்கு நல்லா இராது. அங்கே யானை வரும்.

ரிம்மின் விளிம்பு இப்போது 29 இலிருந்து 18 க்கு வந்துவிட்டது. பதினொரு மில்லிமீற்றர், ஒரு சின்னவிரல் அகலம். அதற்காக இரண்டு சோடி டயர், ஒரு சோடி ரிம், ஒரு மட்காட்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தேன், அதுதான் எனக்கு உண்மையில் சந்தோசம் தந்த ஒரே விசயம். ஸ்பிரிங் பூட்டினபோது சில்லு அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கிற பம்ப் ஸ்டொப் ரப்பரைக் கராஜில் பாதியாக வெட்டியிருந்தார்கள், "இறக்கினா இதை வெட்டத்தான் வேணும் தம்பி, இல்லாட்டி குதிக்கும்" என்று. வெட்டினால் சில்லு மேலே இன்னும் ஏறும், ஏறினால் முட்டும். இவ்வளவு காலமும் அந்த வெட்டின துண்டுக்காக டயர் டயராக மாற்றியிருக்கிறேன். முழு ரப்பர் வாங்கிப் பூட்டியதும் உரசல் பத்தில் ஒன்றாகிப் போச்சு. மதகில் "டொக்" என்று கொஞ்சம் இடிக்கும், அது பரவாயில்லை, இடி நாரியோடு போய்விடும், உரசல் மனதில் நிற்கும்.

நீ செய்ய வேண்டியது இதுதான். எந்தக் கடைக்கும் போக முதல் பின் ஸ்பிரிங்கைக் கழற்று. பழைய சில்லோடு ஒரு பக்கத்தை மட்டும் ஜக்கில் மெல்ல ஏற்று, பம்ப் ஸ்டொப் நசுங்குமட்டும். மட்காட் உதட்டின் உள்ளே பிள்ளைகள் விளையாடுகிற களியை உருட்டி ஒட்டு. நான் மகளிடம் பச்சைக் களி கடன் வாங்கினேன், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. டயர் வந்து நசுக்கினால் மிச்சம் இருக்கிற தடிப்பை அளந்து பார், அதுதான் உனக்கு இருக்கிற இடம். மறுகா மற்றப் பக்கம். இரண்டும் ஒன்றாக இராது, குறைந்ததை எடு. அந்த எண்ணோடு ரிம் தேடு, டயர் கடைசி. ஒரே அளவு எழுதியிருந்தாலும் ஒரு கம்பனி டயர் உருண்ட தோளோடு வரும், இன்னொன்று பெட்டி மாதிரிச் சதுரத் தோள், உரசுவது அந்தத் தோள்தான். முன்பக்கம் அலைமன்ட், அதாவது சில்லு நிற்கிற கோணத்தைச் சரிபார்ப்பது, கட்டாயம். நான் இரண்டு மாதம் பிந்தினேன், முன் டயர் இரண்டும் உள்பக்கம் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். செங்கலடியில் திரும்பி, மகா ஓயா, பிபிலை தாண்டி லுணுகலைக்கு ஏறுகிற வளைவுகளில் தனியாக இந்தக் காரை ஓட்டிப் பார்க்க வேண்டும். உயரமாக இருந்தபோது கட்டில் மாதிரிச் சாய்ந்த கார், இப்போது சொன்ன இடத்தில் நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பிய கையிலேயே ரோடு தெரிகிறது. பதுளைக்குப் போய் இறங்கியதும் திரும்பி ஒருக்கால் காரைப் பார்ப்பேன். எல்லா முறையும் பார்ப்பேன்.

ஆனாலும் இறக்காதே. ஸ்பிரிங்கை விற்றுவிடு, 175/65 ஐயே போட்டுக்கொண்டு நிம்மதியாக இரு. என் இறக்கின காருக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எட்டு கொடுப்பேன், நேற்றுக் கேட்டிருந்தால் மூன்று. நேற்றுக் காலை இடது மட்காட்டில் புதிசாக ஒரு கொப்புளம் கண்டேன்.

என்னுடைய பழைய ஸ்பிரிங் நாலும் யூரியா உரப்பைக்குள் கொட்டிலில் கிடக்கிறது. போன மாதம் சேர்விஸ் செய்யும்போது கராஜ் பாஸ் கேட்டார், "பழையதைப் போடுவமா தம்பி? அரைநாள் வேலைதான்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஞாயிறு மண்டூருக்குப் போக வேண்டும். மாமி நேற்றே கேட்டுவிட்டா, "மருமகன், அந்தச் சத்தம் போடுற கார்லயா போறம்?" மச்சானின் வேனுக்குச் சொல்லியிருக்கிறேன்.