பட்ஜெட் செயின் ஹோட்டல் அறைகள்: பத்து ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

வேலை நிமித்தமாக மாதத்தில் நான்கைந்து இரவுகளையாவது வெளியூரில் கழிக்க வேண்டிய நிலை எனக்குப் பத்து ஆண்டுகளாகத் தொடர்கிறது. அவற்றில் பெரும்பாலான இரவுகள் பட்ஜெட் செயின் ஹோட்டல்களில், அதாவது ஒரே பெயர்ப்பலகையைப் பல ஊர்களில் மாட்டி, எங்கு போனாலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான அறையைக் குறைந்த வாடகைக்குத் தரும் விடுதிகளில் கழிந்தவை. எந்த பிராண்டு சிறந்தது என்று இங்கே தரவரிசை இடப்போவதில்லை. ஒரே பிராண்டின் இரண்டு கட்டடங்களுக்கு இடையிலான வேறுபாடு, சில சமயம் இரண்டு பிராண்டுகளுக்கு இடையிலானதைவிடப் பெரிதாக இருப்பதைப் பார்த்தபின் அந்த ஆசை விட்டுப்போயிற்று. கொடுக்கும் வாடகைக்கு எது கிடைக்கிறது, எப்போது அது கிடைக்காமல் போகிறது என்பதே நான் போட்டுப் பார்க்கும் கணக்கு.

இரவு பதினொன்றரை மணிக்கு, அதுவரை பார்த்திராத ஊரில் போய் இறங்குபவருக்கு அழகான அறை பெரிய தேவையன்று. வரவேற்பு மேசையில் ஆள் இருக்க வேண்டும், முன்பதிவு அவருடைய கணினியில் இருக்க வேண்டும், விரிப்பு துவைத்ததாக இருக்க வேண்டும், கதவை உள்ளிருந்து தாழிட முடிய வேண்டும், குழாயில் வெந்நீர் வர வேண்டும். செயின் ஹோட்டலின் வாடகையில் பெரும்பகுதி இந்த நிச்சயத்துக்காகக் கொடுப்பதுதான். இந்தத் தொழிலின் வளர்ச்சியும் இதையொட்டியே அமைந்தது. 1951-இல் குடும்பத்துடன் காரில் வாஷிங்டனுக்குப் போன கெம்மன்ஸ் வில்சன் என்ற அமெரிக்கர், வழியில் இருந்த விடுதிகள் குழந்தைகளுக்குத் தனியாகக் கட்டணம் கேட்டதில் எரிச்சலுற்று, அடுத்த ஆண்டே மெம்ஃபிஸ் நகரில் முதல் ஹாலிடே இன்னைத் திறந்தார். எதிர்பாராதது எதுவும் நேராமல் இருப்பதுதான் இங்கே நேரும் மிக நல்ல எதிர்பாராத விஷயம் என்ற பொருளில் 1970-களில் அந்நிறுவனம் விளம்பரமே செய்தது.

வாடகையைக் குறைக்க வேண்டுமென்றால் அறையிலிருந்து எதையாவது எடுத்தாக வேண்டும். 1962-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் தொடங்கிய மோட்டல் 6, ஓரிரவுக்கு ஆறு டாலர் என்ற வாடகையைத் தன் பெயரிலேயே வைத்திருந்தது. அங்கே தொலைக்காட்சி பார்க்க நாணயம் போட வேண்டியிருந்தது. 1980-களில் பிரான்சின் அக்கோர் குழுமம் கொண்டுவந்த ஃபார்முல் 1 விடுதிகளில் அறை சுமார் 9 சதுர மீட்டர்தான். கழிப்பறையும் குளியலறையும் அறைக்கு வெளியே, எல்லோருக்கும் பொதுவாக இருந்தன. 2005-இல் லண்டனில் திறக்கப்பட்ட முதல் ஈசிஹோட்டலில் சில அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. எனவே ஒரு பட்ஜெட் அறைக்குள் நுழைந்ததும் என்ன இருக்கிறது என்பதைவிட, எதை எடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே என் வழக்கமாகிவிட்டது. அலமாரிக்குப் பதிலாகச் சுவரில் நான்கு கொக்கிகள், குட்டிச் சோப்புகளுக்குப் பதிலாகச் சுவரில் பதித்த திரவச் சோப்புக் குப்பி, அடியில் கூட்டிப் பெருக்க இடமே இல்லாதபடி தரையோடு மூடிய கட்டில் ஆகியவற்றால் எனக்கு எந்த இழப்பும் இல்லை. தூக்கத்தில் கைவைத்திருந்தால்தான் வாடகை வீண்.

பெரும்பாலும் கைவைக்கப்படுவதும் அங்கேதான். மெத்தையைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கு அதிகமில்லை; பெரிய செயின்கள் மெத்தையை மொத்தமாக வாங்குவதால், புதிய கட்டடங்களில் அது வீட்டில் இருப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. சிக்கல் சத்தத்தில் இருக்கிறது. கதவுக்கும் தரைக்கும் இடையே விரலளவு இடைவெளி விட்டிருப்பார்கள். நடைவழியின் விளக்கொளியும், அதிகாலையில் பெட்டியை உருட்டிச் செல்பவரின் சக்கர ஒலியும் அதன் வழியே தடையின்றி உள்ளே வரும். இரண்டு அறைகளை இணைக்கும் உள்கதவு உள்ள அறை இன்னும் மோசம். பூட்டியே இருந்தாலும் அந்தப் பக்கத்து உரையாடலில் நாமும் ஓர் ஆளாகிவிடுவோம். ஏசி குளிர்விக்கத் தவறுவது அரிது. ஆனால் அரைமணிக்கொரு முறை நின்று, நள்ளிரவு அமைதியில் உறுமிக்கொண்டு மீண்டும் தொடங்கும் பழைய ஏசி ஒன்றே ஓரிரவைக் கெடுக்கப் போதுமானது. இத்தனை ஆண்டுகளில் கற்றுக்கொண்ட பயனுள்ள பழக்கம், லிஃப்டுக்கும் ஐஸ் அல்லது பான இயந்திரத்துக்கும் தள்ளி, உள்கதவு இல்லாத, மேல்தளத்து அறையை முன்பதிவின்போதே எழுதிக் கேட்பதும், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் கேட்டுப் பார்ப்பதும்தான். பெட்டியைத் திறந்து பொருள்களைப் பரப்பிய பிறகு அறை மாற்றம் கேட்க நமக்கே மனம் வராது.

குளியலறை குறித்துச் சொல்ல அதிகமில்லை. சிறியதாக இருக்கும், வேலை செய்யும். சாவி அட்டையைச் சுவரிலுள்ள செருகியில் வைத்தால்தான் மின்சாரம் வரும் என்பதால், வெளியே போகும்போது சார்ஜில் போட்ட ஃபோன் அப்படியே நின்றுவிடும் என்பதைப் புதியவர்கள் நினைவில் கொள்ளலாம்.

பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தும் தரம் ஏன் இவ்வளவு மாறுகிறது என்பது எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது. பல செயின்களில் கட்டடம் அந்த நிறுவனத்துக்குச் சொந்தமானதன்று. உள்ளூர் உரிமையாளர் ஒருவர் ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தில் பெயரையும் முன்பதிவு வசதியையும் பெற்று, அதற்குக் கட்டணம் செலுத்தி, விடுதியைத் தானே நடத்துகிறார். நிறுவனம் விதிமுறைகளை வகுக்கும், அவ்வப்போது ஆய்வு செய்யும். ஆனால் கறைபட்ட தரைவிரிப்பை இந்த ஆண்டே மாற்றுவதா, இன்னும் மூன்று ஆண்டுகள் இழுப்பதா என்ற முடிவு செலவு செய்பவரின் கையில்தான் இருக்கிறது. ஒருமுறை ஒரு செயினின் விடுதியில் தலையணை உறையில் முந்தைய விருந்தினரின் முடி இருந்ததைக் காட்டியபோது, வரவேற்பாளர் மன்னிப்புக் கேட்டு வேறு அறை தந்தார். அங்கே குளியலறைக் கதவு மூடவில்லை. அதே செயினின் இன்னொரு விடுதி, அடுத்த மாதம் தங்கியபோது, குறை சொல்ல இடமில்லாமல் இருந்தது. அதன்பின் பிராண்டின் பெயரைப் பார்ப்பதை விட்டு, அந்தக் குறிப்பிட்ட கட்டடம் எப்போது திறக்கப்பட்டது அல்லது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதையும், கடந்த மூன்று மாதங்களின் விருந்தினர் குறிப்புகளையும் மட்டும் பார்க்கிறேன். விடுதி வெளியிடும் புகைப்படங்கள் பெரும்பாலும் திறப்பு விழா நாளின் நினைவுகள்.

இனி வாடகை. பட்ஜெட் என்ற சொல் நிலையான விலையைக் குறிப்பதில்லை. விமான டிக்கெட்டைப் போலவே அறை வாடகையும் தேவைக்கேற்ப நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறது. கண்காட்சியோ பெரிய விளையாட்டுப் போட்டியோ நடக்கும் வாரத்தில், வழக்கமான வாடகையைப் போல மூன்று மடங்கை அதே அறைக்கு நான் கொடுத்திருக்கிறேன். எடுக்கப்பட்ட வசதிகள் எதுவும் அன்று திரும்பி வரவில்லை. அத்தகைய நாள்களில் பட்ஜெட் விடுதிக்கும் அதைவிட ஒரு படி மேலான விடுதிக்கும் இடையிலுள்ள வாடகை வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது என்பதை மிகத் தாமதமாகத்தான் கவனித்தேன். அதோடு முதலில் காட்டும் தொகையை நம்பியும் முடிவெடுக்கக் கூடாது. வாகன நிறுத்தம், சீக்கிரம் செக்-இன் செய்வது, காலை உணவு ஆகியவை தனித்தனியாகச் சேரும்போது, மலிவாகத் தெரிந்த அறை மலிவாக இருப்பதில்லை. அமெரிக்காவில் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த மொத்தத் தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆயினும் விருப்பக் கட்டணங்களை அங்கும் நாமேதான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஓரிரவுக்கும் இரண்டு இரவுகளுக்கும், வழக்கமான நாளின் வாடகையில், இந்த அறைகள் கொடுத்த பணத்துக்குத் தகுந்தவை என்று தயங்காமல் சொல்வேன். மூன்றாம் நாளில்தான் அறை சிறுக்கத் தொடங்குகிறது. துவைத்ததைக் காயப்போட இடமில்லை, கட்டிலைத் தவிர உட்கார வசதியான இருக்கை இல்லை, எழுதும் மேசை மடிக்கணினியோடு நிரம்பிவிடுகிறது. முதல் நாள் தொந்தரவாகத் தோன்றாத நான்கு கொக்கிகள் அன்று கணக்கில் வந்துவிடுகின்றன. உறுப்பினர் திட்டத்தில் சேரும் புள்ளிகளுக்காக அங்கேயே நீட்டித்துத் தங்கியதும் உண்டு. பத்து ஆண்டுகளில் சேர்ந்த புள்ளிகளுக்குக் கிடைத்த சில இலவச இரவுகளும் அதே அறைகளில்தான் கழிந்தன.

அடுத்த மாதம் ஐந்து இரவு வேலை ஒன்று இருக்கிறது. நள்ளிரவில் போய்ச் சேரும் முதல் நாளுக்கு மட்டும் செயின் ஹோட்டலில் அறை போட்டிருக்கிறேன். மற்ற நான்கு நாள்களுக்கு, சமையல் மூலையும் துணி உலர்த்தும் கொடியும் உள்ள ஒரு குடும்பத்தார் நடத்தும் சிறிய விடுதியில் பேசி வைத்திருக்கிறேன். பகல் வெளிச்சத்தில் அறையைப் பார்த்துவிட்டு முன்பணம் தருவதாகச் சொன்னேன், அவர்களும் சம்மதித்தார்கள்.